உப்பு பூத்த சுவர்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஜட்ஜ் வீட்டு விவகாரமும் அப்படித்தான் ஆகிப்போயிருந்தது.

ஜட்ஜ் என்றதும் யாரும் பதறி எழுந்து நிற்க வேண்டாம். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். சாப்பாட்டு மேஜையில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு, மருமகளின் சமையல் முதல் உலகப் போர் வரை எல்லாவற்றுக்கும் அவர் தீர்ப்புச் சொல்கிற தோரணையைப் பார்த்து யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அதே தெருவில் நிஜமான நீதிபதிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

சென்ற வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது இந்த வீடு இடிபடுவதாக இருந்தது. இடிக்கிறவர் தயார், வரைபடம் தயார். நான்கு மாடி எழும்பும். அதில் ஒரு ஃப்ளாட் ஜட்ஜுக்கு, ஒன்று அவருடைய ஒரே மகன் பல் டாக்டருக்கும் அவர் மனைவிக்கும் என்று பேசி முடித்தாகிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால் ஜட்ஜே மறுபேச்சு பேசாமல் சம்மதித்திருந்தார். அந்த நேரத்தில்தான் குடியிருப்போர் சங்கம் குறுக்கே வந்து விழுந்தது. 'இது இந்தப் பகுதியின் முதல் வீடு, இதை இடிக்க விடக் கூடாது' என்று புராதனக் கட்டடத் துறைக்கு மனுப் போட்டுவிட்டது.

முதல் வீடு என்று சங்கத்துக்கு யார் சொன்னது? வேறு யார், ஜட்ஜேதான்! சங்கத்தின் ஆண்டு விழா தவறாமல் மைக்கைப் பிடித்து, "இந்தப் பகுதியில முதல் முதலா எழும்பின வீடு எங்க வீடு. கம்பெனி மேனேஜர் பங்களா. எங்கப்பாதான் அந்த மேனேஜர்" என்று முழங்கியவர் அவர். எந்தக் கம்பெனி என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்தப் பகுதியில் அப்படிக் கேட்பது நாகரிகம் கிடையாது. பணம் எங்கிருந்து வந்தது, பங்களா எப்படி வந்தது என்று இவர் அவரைக் கேட்க ஆரம்பித்தால், அவர் இவரைக் கேட்பார். அதனால் எல்லோரும் மரங்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

இன்று காலை அந்தத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்து வீட்டைப் பார்க்கப் போகிறார்.

மருமகள் அரை நாள் லீவு போட்டிருந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. எப்பேர்ப்பட்ட டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். 'அதைப் படிக்கிறவளுக்கு மனுஷங்க முகத்தைப் படிக்கத் தெரியாதா' என்று அவளே அடிக்கடி பெருமை பேசிக்கொள்வாள். அந்தப் பெருமைக்குத்தான் இன்று வந்தது வினை.

அதிகாரிக்குக் கொடுக்க வீட்டில் பிஸ்கட் இல்லை என்பது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இந்தப் பகுதியில் ஒரு தீப்பெட்டி வாங்க வேண்டும் என்றால்கூட எல்லை தாண்டித்தான் போக வேண்டும். கடை கிடையாது. கடை வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் சத்தம் வரும் என்று சங்கம் விட்டதில்லை. இருப்பது ஒரே ஒரு ரொட்டிக்கடை. அங்கே ரொட்டியை 'எந்தப் பருமனில் வெட்டட்டும்' என்று கேட்டு வெட்டுவார்கள். பிஸ்கட் கேட்டால் கண்ணாடிக்குள் இருக்கிற எதையோ காட்டுவார்கள். அதை விருந்தாளிக்கு வைத்தால், 'இந்த வீட்டை இடிக்கவே கூடாது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. ஆகவே பஸ் நிறுத்தம் வரை நடந்து, பெட்டிக்கடையில் சாதாரணப் பாக்கெட் ஒன்று வாங்கினாள்.

இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மதில்கள். மதிலுக்கு மேல் கொடி. கொடிக்கு மேல் காமிரா. வீதியில் நடப்பவர்கள் மூன்றே வகை: காவல்காரர், வீட்டுவேலைக்கு வருகிறவர், நாயை நடத்திக்கொண்டு போகிறவர். நாய்க்குச் சொந்தக்காரர் நடப்பதில்லை. அவர் வீட்டுக்குள் மெஷினில் ஓடுவார். இருபத்திரண்டு வருஷமாக மருமகள் இந்தத் தெருவில் நடக்கிறாள். ஒவ்வொரு நாயையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். மனிதர்களில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது.

பஸ் ஒன்று வந்து நின்றது. "தோல்கிடங்கு! தோல்கிடங்கெல்லாம் இறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார்.

சாலைக்குப் பூங்கா நிழற்சாலை என்று பெயர் மாற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கண்டக்டர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே தோல் பதனிடும் ஆலை இருந்ததாம். காற்று திசை மாறினால் நகரமே மூக்கைப் பொத்திக்கொள்ளுமாம். ஆலையை ஊருக்கு வெளியே துரத்திவிட்டு, மண்ணை வெட்டி எடுத்து, புது மண் கொட்டி, மரம் வைத்து, மனை மனையாக விற்றார்களாம். எல்லாமே 'ஆம்'தான். அடித்துச் சொல்ல ஆளில்லை. இங்கே இருப்பவர்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை, அதனால் அந்தப் பெயர் அவர்கள் காதில் விழுவதும் இல்லை.

பிஸ்கட் பாக்கெட்டோடு அவள் வீடு திரும்பியபோது சாப்பாட்டு அறையில் சண்டை ஆரம்பமாகியிருந்தது.

"அலமாரியை எவன்டா நகர்த்தினது?" ஜட்ஜின் குரல் வாசல் வரை கேட்டது.

"நான்தாம்பா. அவ சொன்னா." பல் டாக்டர் வழக்கம்போல் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டார். நல்ல மனிதர். வாயில் பஞ்சு வைத்த நோயாளிகளோடு பேசிப் பேசி, எதிரே இருப்பவர் பதில் பேசினால் அவருக்குக் கை கால் ஓடாது.

சாப்பாட்டு அறையில் ஒரு சுவர் இருக்கிறது. மழைக்காலம் முடிந்தால் போதும், அதில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துவிடும். பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். மாமியார் காலத்திலிருந்தே அந்தச் சுவரை மறைத்து ஒரு பெரிய பாத்திர அலமாரி நின்றது. இன்று காலை வரை அது நகர்ந்ததே இல்லை. பக்கத்து வீட்டு நீச்சல் குளத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்பது ஜட்ஜின் தீர்ப்பு. குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத மனிதர், அந்தச் சுவரை மட்டும் பெயின்டரிடம் விடமாட்டார். வருஷா வருஷம் அலமாரிக்குப் பின்னால் புகுந்து, தானே சுரண்டி, தானே சுண்ணாம்பு அடிப்பார். பெரிய வீட்டுக் கிறுக்கு என்று மருமகள் விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் மருமகள் அவரைச் சுரண்ட விடவில்லை. சுவர் முழுக்கப் பூத்துப் பொங்கியிருந்தது. அதிகாரி அதைப் பார்க்க வேண்டும், 'இந்த வீடு இற்றுப்போய்விட்டது, பாதுகாக்க லாயக்கில்லை' என்று எழுத வேண்டும். அதுதான் அவள் போட்ட கணக்கு.

"தள்ளி வைடா அலமாரியை, இருந்த இடத்துல!"

"எதுக்கு மாமா?" என்றாள் மருமகள். "வீடு நல்லா இருக்குன்னு காட்டினா இடிக்க விடமாட்டாங்க. உங்களுக்கும் இடிக்கணும், எனக்கும் இடிக்கணும். அப்புறம் என்ன?"

"வர்றவங்க முன்னாடி அசிங்கமா இருக்கும்."

"அசிங்கமா இருக்கட்டும்னுதான் நகர்த்தினேன்."

"பெரியவங்க சொன்னா கேக்கணும்."

"இருபத்திரண்டு வருஷமா கேட்டுட்டேன். இன்னிக்கு ஒரு நாள் லீவு."

பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ஒரு வேர் சிகிச்சை இருக்கு" என்று சொல்லிவிட்டு நழுவினார். அவருக்கு எப்போதுமே ஒரு வேர் சிகிச்சை இருக்கும்.

ஜட்ஜ் அலமாரியைத் தானே தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. மூச்சு வாங்கிற்று. மேஜையின் சுவரோர நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அது அவருடைய நிரந்தர இடம். வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. முகம் வெளிறியிருந்தது. கௌரவக் குறைச்சல் தாங்கவில்லை கிழவருக்கு என்று மருமகள் அந்த முகத்தைப் படித்தாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது அவளுக்கு.

அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில், சொந்தக்காரர்கள் கூடியிருந்த இதே அறையில் ஜட்ஜ் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஏதோ ரப்பர் வாசனை வருதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அப்பா அம்மா ஒரு டயர் கடை மாடியில் குடியிருந்தவர்கள். "கடை மாடியில வளர்ந்த பொண்ணு. பெரிய வீட்டுப் பழக்கம் வர நாளாகும்" என்று தீர்ப்பும் சொன்னார். அன்றிலிருந்து அவள் எந்தப் பாத்திரத்தை எங்கே வைத்தாலும் அது கடை மாடிப் பழக்கம். அறைக் கதவைத் தாழ் போட்டால், "யாருக்கு யார்கிட்ட என்ன ரகசியம்?" என்று வெளியிலிருந்து குரல் வரும். தாழ் போடுவதையே விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஃப்ளாட்டில் எந்த அலங்காரமும் வேண்டாம். தானே பூட்டித் தானே திறக்கிற ஒரு கதவு வேண்டும். உள்ளே போய்த் தாழ் போட்டால் யாரும் ஏன் என்று கேட்காத கதவு. அதற்காக வீட்டையே இடிக்க வேண்டியிருந்தால் இடித்துக்கொள்ளட்டும் என்ற நிலைக்கு வந்திருந்தாள்.

அதிகாரி ஒரு இளம்பெண். தோளில் துணிப்பை, காலில் சேறு பட்ட ஷூ. கூடவே சங்கத்தின் செயலாளரான பக்கத்து வீட்டு அம்மாளும் வந்துவிட்டாள். இந்த அம்மாளுக்குத் தெருவில் 'சங்கம்' என்றே பெயர். சங்கம் வருகிறது என்றால் குழந்தைகள் சைக்கிளை விட்டு இறங்கிவிடும்.

"ஜட்ஜ் சார், கவலையே படாதீங்க" என்றாள் சங்கம். "உங்க வீட்டுல ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொட விடமாட்டோம். எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷங்க வாழ்ந்த வீடு!"

ஜட்ஜ் தலையை மட்டும் ஆட்டினார். ஆண்டு விழா என்றால் இந்த இடத்தில் அரை மணி நேரம் பேசியிருப்பார்.

அதிகாரிப் பெண் ஹாலைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள். "இதெல்லாம் பின்னாடி கட்டினது" என்றாள். மாடி அறைகளை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் புதுசுதான். பங்களான்னு சொல்ல இங்க ஒண்ணுமே இல்லையே மேடம்" என்றாள்.

மருமகளுக்கு உள்ளுக்குள் குதியாட்டம். சங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது. அத்தோடு டீயைக் கொடுத்து அனுப்பியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

"இன்னும் ஒரு ரூம் இருக்கு, பாருங்க" என்றாள் மருமகள். "சுவரெல்லாம் உளுத்துப் போச்சு. எப்ப விழும்னே தெரியல. வாங்க, வாங்க."

"அங்க ஒண்ணும் இல்லைம்மா" என்றார் ஜட்ஜ்.

அதற்குள் அவள் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டாள்.

அதிகாரிப் பெண் வாசற்படியிலேயே நின்றாள். முதலில் அண்ணாந்து பார்த்தாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டிச் சின்னச் சின்னத் துவாரங்கள் வரிசையாக இருக்கும். 'அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்க வெளிச்சம் மேலேருந்துதான் வரணும்பாங்க' என்று ஜட்ஜ் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். பிறகு தரையைப் பார்த்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் ஊற்றினாள். தண்ணீர் நிற்காமல் ஒரே மூலைக்கு ஓடியது. அந்தச் சரிவுக்காகத்தான் மேஜையின் இரண்டு கால்களுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறார்கள்.

கடைசியாகச் சுவருக்குப் போனாள். பூத்திருந்த வெள்ளையை ஒரு விரலால் தொட்டு, யோசிக்காமல் நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"சீ சீ, என்னம்மா பண்றீங்க!" என்று சங்கம் பதறியது.

ஜட்ஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க வேலையில இது பழக்கம்" என்று சிரித்தாள் அதிகாரிப் பெண். "ஈரத்துல வர்ற உப்பு வேற மாதிரி இருக்கும். இது சாப்பாட்டு உப்பு. மூட்டை மூட்டையா, வருஷக்கணக்கா உப்பு கொட்டி வெச்ச செங்கல். எத்தனை தடவை சுரண்டினாலும் வரும். செங்கல் இருக்கிறவரைக்கும் வரும்."

"உப்பா? வீட்டுக்குள்ள எதுக்கு உப்பு?" என்றாள் மருமகள்.

"வீடே இல்லை மேடம் இது. தோல் ஆலையோட உப்புக் கிடங்கு. பச்சைத் தோல் வந்ததும் இங்கதான் உப்பு தேய்ச்சு அடுக்குவாங்க. காத்துக்கு மேல ஓட்டை, உப்புத் தண்ணி வடியறதுக்குச் சரிவு. எல்லாம் சரியா இருக்கு." அவளுடைய குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆலையில ஒரு செங்கல்கூட மிச்சமில்லைன்னுதான் எங்க ஆபீஸ்ல எல்லாரும் நினைச்சிட்டிருக்கோம். நாலு சுவரும் இப்படி முழுசா நிக்குதே!"

"அப்ப முதல் வீடு?" என்றாள் சங்கம் ஈனஸ்வரத்தில்.

"வீடு இல்லைங்க. ஆனா இந்தப் பகுதியில நிக்கிற கட்டடத்துலயே இதுதான் பழசு. அந்த வரைக்கும் சார் சொன்னது சரிதான்."

மருமகள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அப்ப… இடிக்கறது?"

"பங்களாவா இருந்தா விட்டிருப்போம். ஊர் முழுக்கப் பங்களாதான். இதை விடமாட்டாங்க மேடம். கமிட்டி முடிவு பண்ணணும், ஆனா எனக்குச் சந்தேகமே இல்லை. வாசல்ல ஒரு போர்டுகூட வைப்போம்."

"போர்டு வைங்க, வேண்டாங்கல" என்று சங்கம் அவசரமாகக் குறுக்கிட்டது. "ஆனா அந்தத் தோல், கிடங்கு, அதெல்லாம் எழுதாதீங்க. பழமையான கட்டடம்னு போட்டாப் போதுமே. இங்க எல்லாம் கௌரவமான குடும்பங்க. அந்த மாதிரி ஆளுங்க வேலை செஞ்ச இடம்னு போட்டா…"

"அதைப் போடத்தாங்க போர்டே" என்றாள் அதிகாரிப் பெண். பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தபடி, தன் கைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதி மேஜையில் வைத்தாள். "அங்க வேலை செஞ்சவங்க, இல்லன்னா அவங்க பிள்ளைங்க யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க சார். கட்டடம் கிடைச்சிடுச்சு. ஆளுங்கதான் ஒருத்தர்கூடக் கிடைக்க மாட்டேங்கிறாங்க."

ஜட்ஜ் அந்தச் சீட்டைத் தொடவில்லை.

இரண்டு பேரும் போன பிறகு மருமகள் சாப்பாட்டு அறைக்கு வந்தாள். ஜட்ஜ் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தார். இவ்வளவு நாளாக அவர் அந்த நாற்காலியை விடாததற்குத் தலைமை ஸ்தானம் காரணமில்லை, அலமாரி மறைக்காத மிச்சச் சுவரை முதுகால் மறைத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்து." ஜட்ஜ் மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார், பிரித்தார். "எங்கப்பா மேனேஜர் இல்லை. இந்த ரூம்லதான் தோலுக்கு உப்பு தேய்ச்சார். மதியச் சாப்பாடு நான் கொண்டு வருவேன். இப்ப தண்ணி ஓடிச்சே, அந்த மூலையில உக்காந்து சாப்பிடுவார். கையெல்லாம் வெடிப்பு. உப்பு பட்டா எரியும். அப்படியும் ஒரு பருக்கை கீழ விடமாட்டார்."

மருமகள் உட்கார்ந்தாள்.

"ஆலை போனதும் மனை போட்டு வித்தாங்க. இந்தக் கிடங்கை மட்டும் யாரும் சீந்தல. சுவர்ல உப்பு, வேலைக்காகாதுன்னாங்க. எனக்கு அப்பதான் கோர்ட்ல வேலை. சல்லிசா வந்தது, வாங்கிட்டேன். அப்பாவைக் கூட்டிட்டு வந்து பெருமையாக் காட்டினேன். அவர் வாசல்படி தாண்டல. 'இதுலேருந்து வெளிய வர எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. நீ காசு குடுத்து உள்ள போறியேடா'ன்னார்." ஜட்ஜ் வாசற்படியைப் பார்த்தார். "சாகறவரைக்கும் வரல."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அவதான் அலமாரி வாங்கிப் போட்டா."

மருமகளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அதனாலதான் இடிக்க ஒத்துக்கிட்டீங்களா?"

"இந்தச் சுவர் போயிடும்னு நெனச்சேன். நான் கண்ணை மூடறதுக்கு முன்னாடி போயிட்டா நல்லதுன்னு நெனச்சேன். என் பையனுக்குத் தெரிய வேண்டாம்னு நெனச்சேன்."

"காலையிலேயே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அலமாரியை நானே தள்ளி வெச்சிருப்பேனே மாமா!" அவள் குரல் உடைந்தது. "நீங்க வாயைத் திறக்கக் கூடாதப்பல்லாம் திறந்தீங்க. திறக்க வேண்டிய ஒரு நாள்ல மூடிக்கிட்டீங்க. இப்ப பாருங்க. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

"சொல்ற விஷயமா அது?"

"என்னை ரப்பர் வாசனைன்னு சொன்னீங்களே. அது மட்டும் சொல்ற விஷயமா?"

ஜட்ஜ் சுருட்டிய விரிப்பை நீவிவிட்டார்.

"எங்கப்பா பஸ்ல ஏறினா பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க" என்றார். "நீ வந்து நின்னப்ப, யாராவது என்னை மோந்து பார்த்துடுவாங்களோன்னு இருந்தது. அதான் முந்திக்கிட்டேன். தப்புதான்."

மன்னிப்புக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருக்குப் பழக்கமில்லாத வேலை, அதனால் தீர்ப்புச் சொல்கிற குரலிலேயே கேட்டுவிட்டார். அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்றால், இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரு வார்த்தையில் கரைந்துவிடாது.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம் மாமா" என்றாள். "நான் பூட்டி நான் திறக்கிற மாதிரி ஒரு கதவு. அவ்வளவுதான் கேட்டேன். அதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமும் ஆடினேன். என் கையாலயே கெடுத்துக்கிட்டேன்."

இந்த வீட்டை இடிக்க வேண்டும் என்று வேறு யாரையும்விட அதிகமாக ஆசைப்பட்ட இரண்டு பேர் அந்த மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனாரும் மருமகளும் ஒரே விஷயத்துக்காக வருத்தப்படுவது அதுதான் முதல் தடவை.

வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பல் டாக்டர் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். மருமகள் எழுந்து தட்டுகளை வைத்து, சோற்றைக் கொண்டு வந்தாள்.

"என்ன நடந்தது இங்க?" செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "சங்கம் என்னை நடு ரோட்ல நிறுத்தி, 'மனசைத் தளர விடாதீங்க டாக்டர், எல்லாத்தையும் மூடி மறைச்சிடலாம்'னு சொல்லுது. எதை மறைக்கணும்? யாருக்கு என்ன?"

மருமகள் ஜட்ஜைப் பார்த்தாள். ஜட்ஜ் அவளைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும். நுனி நாக்கு வரை வந்தது. மேனேஜர் பேரன் என்று நண்பர்களிடம் பெருமை பேசுகிற கணவர், ரப்பர் வாசனைக்குக் கூடச் சேர்ந்து சிரித்தவர்களில் ஒருவர்தான்.

"கையைக் கழுவிட்டு உக்காருங்க. சாப்பாடு ஆறுது" என்றாள். அது தன்னுடைய வாயால் வர வேண்டிய சேதி இல்லை என்று முடிவு செய்திருந்தாள்.

"இவளுக்கு ஒரு வீடு பாருடா" என்றார் ஜட்ஜ்.

"எதுக்குப்பா? ஃப்ளாட்தான் வருதே!"

"ஃப்ளாட் வராது. நீங்க ரெண்டு பேரும் தனியாப் போங்க. கடை மாடியா இருந்தாலும் பரவாயில்லை. கதவுச் சாவி அவகிட்ட இருக்கணும்."

மருமகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க?" என்றார் பல் டாக்டர்.

"நான் இங்கதான். இனிமே எங்க போறது? அந்த அதிகாரிப் பொண்ணு ஆளுங்களைத் தேடிட்டிருக்கு." ஜட்ஜ் மேஜை மேலிருந்த சீட்டை எடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"யாரை?"

ஜட்ஜ் எழுந்தார். தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். மருமகளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து, அந்தச் சுவர் நேராகக் கண்ணில் படும்படி உட்கார்ந்தார்.

"உக்காரு" என்றார் மகனிடம். "உங்க தாத்தாவைப் பத்தி நான் சொன்னது ஒண்ணுகூட நிஜமில்லை."